கார் காயும் குளியலறை

குவெம்பு நகர், மைசூரு
ஜனவரி 25, ஞாயிறு

அன்பு மகன் கவின்ராஜுக்கு அம்மா சொர்ணலதா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். அங்கே நீயும் மருமகள் ஜீவிதாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று எழுதியாயிற்று, மூன்றாவது பெயரை எழுத வந்தால் கை நகரமாட்டேன் என்கிறது. குழந்தை காவேரிக்கு நேற்று ராத்திரி எப்படி இருந்தது? இழுப்பு வந்ததா, நெபுலைசர் வைத்தீர்களா, கொஞ்சமாவது தூங்கினாளா? போனில் கேட்க வேண்டியதை ஏன் காகிதத்தில் கேட்கிறாள் என்று நினைப்பாய். போனை நீ எடுத்தால்தானே. வெள்ளிக்கிழமையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறேன், மீட்டிங் என்று ஒரு சொல் வருகிறது, அதோடு சரி. நான் அனுப்பியதையெல்லாம் நீ படித்துவிட்டாய் என்று நீலக் கோடு மட்டும் விழுகிறது. நம் பொம்மைக் கார்க் குழுவில் இருக்கும் ஹேமந்த் தன் அக்காவைப் பார்க்க உன் வின்னிபெக்குக்கே வருகிறான், இன்று சாயங்காலம் பெங்களூர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறான். இதை உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி. அப்பா ஹனூரில் மக்காச்சோளம் அறுக்கப் போயிருக்கிறார், காட்டுப்பன்றி தின்றதுபோக மிச்சத்தை அறுக்கிறார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது, தெரிந்தால் அறுவடையைப் போட்டுவிட்டு ஓடிவருவார், வந்து என்ன செய்வார்.

நீ கேட்ட சாமான் எல்லாம் ஹேமந்திடம் கொடுத்த பொட்டலத்தில் இருக்கிறது. பத்மினிக் காருக்கான டெக்கால் ஸ்டிக்கர் தாள், ரப்பர் டயர்கள், ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகள். டெக்காலை உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் அப்படியே போடாதே, அந்தக் குளிருக்குப் பசை இளகாது, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் எடுத்து ஊறப்போட்டு இடுக்கியால் இழுக்காமல் ஈரத் தூரிகையால் நழுவவிடு. வளைவில் படியமாட்டேன் என்று முரண்டு பிடித்தால் தண்ணீர் கலந்த வினிகரை ஒரு சொட்டுத் தொட்டு வை, படிந்துவிடும். அலமாரியில் வைக்கும் கார்களுக்கு டயரடியில் பட்டர் பேப்பர் துண்டு போடு, இல்லாவிட்டால் நாளாக ஆக ரப்பர் கசிந்து அடித்தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஹேமந்தின் அம்பாசடர் அப்படித்தான் போயிற்று. பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று வருஷக்கணக்கில் பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தான், உள்ளேயே ஒட்டிக்கொண்டது. வாங்கிய பட்டுப்புடவையைக் கட்டாமலே பீரோவில் வைத்துப் பூச்சிக்குக் கொடுக்கிற ரகம் நீ என்று நான் சொன்னதற்குக் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. நீ விட்டுப்போன குட்டிக் கார்களைத் தூசி தட்டப்போய் இந்த ஆண்பிள்ளைக் கூட்டத்தில் நானும் ஒரு லதாக்காவாக உட்கார்ந்துவிட்டேன், கண் ஆபரேஷனுக்குப் பிறகு டெக்கால் ஒட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வமும் எனக்கு உண்டு. அந்தச் சிரிப்பெல்லாம் மார்கழிக்கு முந்தியது. இப்போது ஞாயிற்றுக்கிழமை யாரும் கூடுவதில்லை.

நம் குழு விஜய்குமார் விஷயத்தைப் பொங்கலன்று போனில் சொன்னேன், நீ பாதி கேட்டாய், பாதி கேட்கவில்லை. அதனால் முழுவதும் எழுதுகிறேன். உனக்கு ஸ்பிரே பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவன்தான், அவன் செய்கிறபடிதான் நீயும் செய்கிறாய். பளபளப்புக்காகக் கடைசியில் அடிக்கும் கிளியர் கோட் டப்பா இருக்கிறதே, பூச்சை இறுக்கும் ஹார்டனர் சேர்ந்தது, அதன் அடிப் பொத்தானை ஒரு தரம் அமுக்கிவிட்டால் உள்ளே இரண்டும் கலந்து ஓரிரு நாளில் கல்லாகிவிடும். அதனால் யாராவது ஒரு டப்பாவை உடைத்தால் வீணாகக்கூடாது என்று குழுவில் எல்லோரும் தங்கள் காரைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடுவது நம் வழக்கம். ஒரே மூச்சில் அத்தனை காரும் அடித்தாக வேண்டும். ஈரப் பூச்சில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் போயிற்று என்று பாத்ரூமில் கீசரைத் திறந்து ஆவி கட்டவிட்டு, தூசியைத் தரையில் படுக்கவைத்து, ஜன்னலைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தி, கதவடியில் ஈரத் துண்டைத் திணித்துக்கொண்டு உள்ளே நிற்பான். காற்றே வரக்கூடாது என்று இத்தனை பாடுபடுகிற மனிதர்கள் கார்க்காரர்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் சொல். மூஞ்சியில் கொரோனாக் காலத்துத் துணி மாஸ்க். இருமுகிறாயே விஜய் என்றால், ஏனும் ஆகல்ல, ஒன்னும் ஆவாதுங்க்கா என்று இரண்டு பாஷையிலும் சொல்லிவிட்டு அடுத்த காரை எடுப்பான். வாசனை போய்விட்டால் ஆபத்தும் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த விஷம் வாசனை இல்லாமலும் இருக்குமாம்.

முதலில் ராத்திரியில் மட்டும் இருமல். நஞ்சன்கூடு ஃபேக்டரிக்குப் போய்வரும் பஸ்ஸில் குளிர்காற்று பட்டிருக்கும் என்று கஷாயம் குடித்தான். பிறகு நெஞ்சு அடைக்கிறது என்றான். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருடைய காரையும் அடித்து முடித்து வெளியே வந்தவன் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டான். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன வேலை என்று கேட்டார், ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன் என்றான். சிகரெட் உண்டா, இல்லை. வீட்டில் நாய் பூனை, இல்லை. கார் பொம்மைக்குப் பெயிண்ட் அடிப்பேன் என்று சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை, அது அவனுக்கு வேலை இல்லையே, சந்தோஷம்தானே. அவன் பெண்டாட்டி சுசித்ராதான் பாத்ரூமைக் கழுவப்போனவள் அந்தக் காலி டப்பாவைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தாள். டாக்டர் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். உயிர் பிழைத்தான். ஆனால் அந்த ரசாயனத்தை ஒரு தரம் எதிரி என்று படித்துக்கொண்ட உடம்பு அதை மறக்கவே மறக்காதாம், இனி கொஞ்சம் பட்டாலும் மறுபடி மூச்சு பூட்டிக்கொள்ளும். எதிர்வீட்டில் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தால்கூட ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். போன வாரம் பார்க்கப் போனேன். லதாக்கா, உங்க பையன் அங்க எங்க வெச்சு அடிக்கறானுங்க என்று கேட்டான். அதைக் கேட்கவே அவனுக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியது.

எனக்குப் பதில் தெரியும். தீபாவளிக்கு வீடியோவில் காட்டினாயே, வெளியே ஒரே குளிர், ஜன்னல் எல்லாம் சீல் வைத்திருக்கிறது, நம் பாத்ரூம்தான் அம்மா எனக்கு ஒர்க்‌ஷாப், தூசியே கிடையாது என்று சிரித்தாய். துணிக்கொடியில் வரிசையாகக் கார்கள் காய்ந்துகொண்டிருந்தன, கீழே தொட்டி விளிம்பில் காவேரியின் பிளாஸ்டிக் வாத்து. அன்றைக்கு அவளைக் குளிப்பாட்ட நேரமாகிவிட்டது என்று ஜீவிதா குறைப்பட்டுக்கொண்டாள். அந்த மாதக் கடைசியில்தான் குழந்தைக்கு இழுப்பு ஆரம்பித்தது. உங்கள் ஊர் டாக்டரும் அதே கேள்விகளைக் கேட்டாரே, வீட்டில் புகை உண்டா, செல்லப்பிராணி உண்டா, ஈரச்சுவர் உண்டா என்று, நீ எல்லாவற்றுக்கும் இல்லை என்றாய். பொய் இல்லை, தெரியாமல் சொன்னது. அந்த இல்லைகளை நம்பி நீங்கள் தரைவிரிப்பைப் பிய்த்துப் போட்டீர்கள், பாலை நிறுத்தினீர்கள், அவள் கட்டிக்கொண்டு தூங்கும் கரடிப் பொம்மையைக்கூடக் குப்பையில் போட்டீர்கள். கரடிக்காக அவள் அழுத அழுகை எனக்கு இங்கே கேட்டது. ஜீவிதா தன் அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு என்பதால் என் ரத்தம்தான் அத்தே குழந்தைக்கு வந்திருக்கு என்று என்னிடம் தேம்பினாள். இதையெல்லாம் பொங்கலன்று உனக்குச் சொன்னேனா இல்லையா? நீ என்ன சொன்னாய்? விஜய் அண்ணன் வருஷக்கணக்கா அடிச்சவரும்மா, நான் எப்பவோ ஒரு தரம், அவ உள்ள வரதே இல்ல என்றாய். புது டப்பாவை அமுக்கியாச்சு, இங்கே நண்பர்கள் காரெல்லாம் காத்திருக்கு, இந்த ஒண்ண முடிச்சுட்டு நிறுத்திடறேன் என்றாய். டப்பா வீணாகிவிடும் என்பது உனக்குப் பெரிதாகப் போயிற்று. ஆனாலும் அதோடு நிறுத்திவிடுவாய் என்று நான் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை குழுவில் ஒரு சிவப்புக் காரைப் போட்டாய். பூச்சு சரியாக வந்திருக்கிறதா என்று நம் ஆட்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது உனக்கே தெரியும், படத்தைப் பெரிதாக்கி, எதிரே இருப்பது பானட்டில் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எல்லோரும் சூப்பர் என்று கை தட்டினார்கள். இது பொங்கலுக்கு உடைத்த டப்பாவாக இருக்க முடியாது, அது எப்போதோ கல்லாகியிருக்கும், இது அடுத்தது. நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய அளவுக் கார், அகலமான பானட், கண்ணாடி கெட்டது போ, உன் கைக்கு ஈடில்லை. அதில் வெள்ளை ஓடுகள் தெரிந்தன, குளியல் தொட்டி தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினேன். பாதி திறந்த கதவருகே தலையில் மஞ்சள் துண்டைப் போட்டுக்கொண்டு காவேரி நின்றுகொண்டிருந்தாள். நீ படம் எடுத்து முடித்ததும் குளிக்கலாம் என்று காத்துக்கொண்டிருக்கிறாள் கண்ணு. அவள் உள்ளே வருவதே இல்லை என்று என்னிடம் சொன்னாய். எனக்கு உன்மேல் வந்த கோபத்தை எழுத இந்தக் காகிதம் போதாது, பயம் அதைவிடப் பெரிது.

அதனால் இன்று காலை ஜீவிதாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் சொன்னதற்கு நீ என்மேல் கோபித்துக்கொள், அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசாதே. அவள் அழவில்லை, கத்தவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும். அவள் பின்னால் குழந்தையின் மூச்சு சீழ்க்கை அடிப்பது கேட்டது. பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அத்தே, இது அவருக்குத் தெரியுமுங்களா என்றாள். தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உன் குடும்பம் இன்றைக்கு அப்படியே இருந்திருக்கும். பெற்ற வாய் அதைச் சொல்லத்தான் திறந்தது. அந்தச் சீழ்க்கையைக் கேட்டுக்கொண்டே பொய் சொல்ல முடியவில்லை. பொங்கலிலிருந்து தெரியும் என்று சொன்னேன். சரிங்க அத்தே, குழந்தையத் தூக்கிட்டு என் தோழி வீட்டுக்குப் போறேன் என்று வைத்துவிட்டாள். இதை நீ படிக்கும்போது அவளும் குழந்தையும் வீட்டில் இருக்கமாட்டார்கள், அவள் தோழி வீட்டில் இருப்பார்கள். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விஜய்குமாருக்கு வந்ததுதான் நம் குழந்தைக்கும் வந்திருக்கிறதா, தீருமா தீராதா என்று எனக்குத் தெரியாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்ல வேண்டியது நீ. ஜீவிதா சொல்லட்டும் என்று காத்திருக்காதே, டப்பாவை எடுத்துக்கொண்டு நீயே போய், நான்தான் அடித்தேன், அவள் குளிக்கிற இடத்தில் அடித்தேன் என்று உன் வாயால் சொல். திறக்காத டப்பா இருந்தால் யாருக்கும் தானம் செய்யாதே. பாத்ரூமை எப்படிச் சுத்தம் செய்வது என்று தெரிந்தவர்களைக் கேட்டுச் செய், அதுவரை அந்தக் கதவு பூட்டியே இருக்கட்டும்.

உன்னைத் திட்ட எழுதவில்லை சாமி, நீ நல்ல பிள்ளை, நல்ல தகப்பன், அது எனக்குத் தெரியும், ஜீவிதாவுக்கும் தெரிந்திருந்தது. மலை மாதேசுவரன் காவேரியின் மூச்சுக்குக் காவல் இருக்கட்டும், உனக்குப் புத்தியும் தைரியமும் கொடுக்கட்டும், நீங்கள் மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் நன்றாக இருங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே. நீ பெயிண்ட் அடிக்கும்போது போடுகிற சாம்பல் நிற ஸ்வெட்டரில் அந்த ரசாயனம் படிந்திருக்கும். அந்தத் தோழி வீட்டுக்கு நீ போனால் உன்னைப் பார்த்ததும் காவேரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவருவாள். அந்த ஸ்வெட்டரோடு அவளைத் தூக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா
சொர்ணலதா கந்தசாமி