நாற்பது நொடிக் குடம்

புதுச்சேரி,
4 செப்டம்பர் 1983

அன்பு மகள் கிளோதினுக்கு,

அப்பா மிஷேல் எழுதிக்கொள்வது. உன் அம்மாவின் கடிதத்தில் ஓரமாக இரண்டு வரி போடுவதோடு சரி; நானாக எழுதி மூன்று வருஷமாயிற்று. படிப்பை விட்டுவிட்டுப் பிரான்சில் தூலோன் துறைமுகத்தில் முக்குளிப்போர் சாமான் விற்கப் போனாய் என்று கோபம். அதை விடு. எனக்கு ஒரு ரெகுலேட்டர் வேண்டும்!

சிரிக்காதே. புயலில் விழுந்த பழைய துறைமுகப் பாலத்தின் தூண்களைப் படம் பிடிக்க பம்பாயிலிருந்து ஒரு குழு வந்திருக்கிறது. அந்தப் பாலத்தில் சுங்கக் குமாஸ்தாவாக நின்றவன் என்று என்னைத் தேடி வந்தார்கள். எட்டு மீட்டர் ஆழம்தான். பிப்ரவரியில் இறங்குகிறார்கள். சிலிண்டரும் பயிற்சியும் அவர்கள் தருவார்கள். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் மட்டும் அவரவர் பாடு. அவர்களுடைய கேட்லாக்கில் ஒன்று நிமிஷத்துக்கு 900 லிட்டர், இன்னொன்று 1,400 லிட்டர் என்று போட்டிருக்கிறது. 1,400 அனுப்பு. காற்றில் என்ன கஞ்சத்தனம்!

"அம்பத்தாறு வயசுல கடலுக்குள்ள என்னா வேலை?" என்று உன் அம்மா சத்தம் போடுகிறாள். நீ காதில் போட்டுக்கொள்ளாதே.

இப்படிக்கு,
அப்பா

தூலோன்,
20 செப்டம்பர் 1983

அன்புள்ள அப்பா,

கடையிலேயே நின்றபடி மூன்று தடவை படித்தேன். நீங்கள் எழுதினதே அதிசயம், அதிலே ரெகுலேட்டர் வேறா! முதலாளி என்னவென்று கேட்டார். "எங்க அப்பா கடலுக்குள்ள எறங்கப் போறாரு!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அந்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். இங்கே வருகிறவர்களும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். எட்டு மீட்டரில் மேல்மூச்சு வாங்க வேலை செய்தாலும், இழுக்கிற கணத்தில் நானூறு லிட்டர் வேகத்துக்கு மேல் உங்கள் நெஞ்சு கேட்காது. 900 தாராளம். ரொம்ப ஆழம் போனாலோ, ஒரே கருவியில் இரண்டு பேர் மூச்சு வாங்க நேர்ந்தாலோதான் பெரிய எண் உதவும். லேசாக இழுத்ததும் காற்று வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம் உங்கள் மூச்சு: அது நிதானமாக இருந்தால்தான் சிலிண்டர் காற்று சீக்கிரம் தீராது.

அதை வீட்டிலேயே அளக்கலாம். மாடிப்படி மூன்று தடவை ஏறி இறங்குங்கள். நம் பன்னிரண்டு லிட்டர் குடத்தை நிரப்பி, அண்டாத் தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். மூக்கால் இழுத்து, ரப்பர் குழாய் வழியாகக் குடத்துக்குள் விடுங்கள்; அடக்காமல், இயல்பாக எத்தனை மூச்சு வருகிறதோ அத்தனையும். குடத்துத் தண்ணீர் முழுக்க வெளியேற எத்தனை நொடி? எவ்வளவு மெதுவாகக் காலியாகிறதோ அவ்வளவு நல்லது. நாற்பதைத் தாண்டினால் அனுப்புகிறேன். சிகரெட்டைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
கிளோதின்

புதுச்சேரி,
8 அக்டோபர் 1983

அன்பு மகளே,

நாற்பத்தெட்டு நொடி! அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அடுத்த வீட்டுப் படகுக்காரர் கலியபெருமாள்தான் கடிகாரம் பிடித்தார். "இன்னா மூச்சுங்க இது!" என்று ஆளே அசந்துபோனார். உடனே பார்சல் கட்டு.

அப்பா

தூலோன்,
25 அக்டோபர் 1983

அன்புள்ள அப்பா,

உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில், காகிதத்தில் மிளகளவு ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. இன்னும் விடவில்லை, இல்லையா? நாற்பத்தெட்டு நொடி யாருடைய மூச்சு?

கிளோதின்

புதுச்சேரி,
10 நவம்பர் 1983

அன்பு மகள் கிளோதினுக்கு,

அகப்பட்டுக்கொண்டேன். ஊதினது கலியபெருமாள், கடிகாரம் பிடித்தது நான். என் மூச்சுக்குக் குடம் இருபத்துமூன்று நொடியில் காலி. இருமின இருமலில் குடம் உருண்டு முற்றமெல்லாம் தண்ணீர். விஷயம் தெரிந்ததும் உன் அம்மா சிகரெட் டப்பாவைக் கிணற்றில் போட்டுவிட்டாள்.

ஒன்று சொல்கிறேன். பாலத்தைப் பார்க்க ஆசைதான். ஆனால் நீ அங்கே என்ன வேலை செய்கிறாய், என்னவெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாய் என்று கேட்க அதைவிட ஆசை. திட்டின வாயால் எப்படிக் கேட்பது? அதனால் 900-ஆ 1,400-ஆ என்று கேட்டேன். உன் பதிலைத் தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் படித்துக் காட்டினேன். நீ எடுத்த முடிவு தப்பில்லை, கண்ணு. தப்பெல்லாம் என்மேல்தான்.

ரெகுலேட்டர் வேண்டாம். கடிதம் மட்டும் போடு.

அப்பா

தூலோன்,
26 நவம்பர் 1983

என் அன்பு அப்பா,

அழுதுகொண்டே சிரித்தேன். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு இனி உரிமை இல்லை, வாங்கியாகிவிட்டது! இரண்டு ரெகுலேட்டர். 900 உங்களுக்கு. 1,400 எனக்கு, இரண்டு வாய்க்குழாய் மாட்டினது. கீழே உங்களுக்குக் காற்று குறைந்தால் என்னுடையதில் இழுத்துக்கொள்ளலாம். ஆமாம், உங்கள் பக்கத்திலேயே இறங்கப் போகிறேன்.

பிப்ரவரியில் விடுமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் குடம் நாற்பது நொடி தாங்கினால்தான் டிக்கெட். உங்கள் சொந்த மூச்சுக்கு!

கிளோதின்

புதுச்சேரி,
14 ஜனவரி 1984
(அஞ்சலட்டை)

கிளோதின்,

நாற்பத்தொன்று. டிக்கெட் எடு.

அப்பா

நான் பக்கத்திலேயே நின்னு பார்த்தேன். அவருதான் ஊதுனாரு.
அம்மா