வெறுங்கால் தவுக்கேவுக்கு

கோபமாக இருந்தாலும் உங்களை வேறு எப்படியும் கூப்பிடத் தெரியாத என் அப்பாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது அண்ணனின் குதிகால்தான். அதில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. பாதி பிரிந்து, சேறு ஏறி, ஆட்டுக் கொட்டகை வாசலில் தேங்கிய தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தது. அவன் புல்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, உங்களைப் போலவே விசிலடித்தபடி உள்ளே போனான். காலில் ஒன்றுமில்லை.

இது இன்று காலை. உங்களுக்கு வருஷப் படையல் நாள். வீடு நிறைய ஆட்கள். நான் தவிட்டு வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

“அண்ணே, சப்பாத்து” என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

“அப்பா போட்டாரா?” என்று சிரித்தான்.

போடவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஊரில் யாரும் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லாரும் உங்களைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஈப்போவில் பிளாட்டில் இருந்தபோது நாம் நன்றாகத்தானே இருந்தோம்? நீங்கள் லோரி ஓட்டினீர்கள். அம்மா பக்கத்துக் கடையில் தோசை சுட்டார். ஊரை அடைத்துப் போட்ட அந்த நோய்க்காலத்தில் நீங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்து, கைப்பேசியில் ஆடு வளர்ப்பவர்களின் வீடியோவாகப் பார்த்தீர்கள். ஒரு நாள் சோறு தின்ற கையைக் கழுவாமலேயே சொன்னீர்கள்: “போலாம். தோட்டத்துக்கே போயி ஆடு வளக்கலாம்.”

“யாரு வளக்கிறது?” என்று அம்மா கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

கோலா கங்சார் போகும் வழியில், ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் உங்கள் அப்பா பிடித்துப் போட்ட இரண்டு ஏக்கர். காடாகிக் கிடந்தது. சுற்றிலும் ரப்பரெல்லாம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. நாம் மட்டும் நடுவில். என் பள்ளிக்கூடம் பதினாறு வயதில், நான்காம் படிவத்தோடு நின்றது. “இது வாயே தொறக்க மாட்டேங்குது, அங்க போயி என்னா பண்ணப் போவுது? ஆடுங்க ஒன்னும் எழுந்து நின்னு வாசின்னு சொல்லாது லா” என்றீர்கள்.

என்னிடம் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வகுப்பில் எல்லாரும் திரும்பிப் பார்க்க எழுந்து நிற்க வேண்டாம் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே அப்பா?

ஆடுகளுக்கு நீங்கள்தான் பெயர் வைத்தீர்கள். கிடா ஆட்டுக்குத் தொரை. எல்லா ஆட்டையும் முட்டி வரிசையில் தள்ளுகிறதே, அதற்குத் தண்டல். எப்போது பார்த்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் கிழட்டுப் பெட்டைக்குக் கிராணியம்மா. உங்கள் அப்பா அம்மா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த தோட்டத்தின் மானேஜர், மேஸ்திரி, கிளார்க்கின் மனைவி எல்லாரும் நம் கொட்டகையில் நின்று புல் தின்றார்கள்.

“எங்கம்மா தொரையப் பாத்தா தலையத் தூக்க மாட்டாங்க. நான் பாரு, தொரைக்கு வயித்தால போனா வாலத் தூக்கிப் பாக்குறேன்!”

நீங்கள் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டியது நீங்கள்தான், நாங்கள் இல்லை.

மழைக்காலம் தொடங்கியதும் அம்மா சந்தையிலிருந்து இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தார். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு. நீங்கள் உங்களுடையதை மூக்கருகில் கொண்டுபோனீர்கள். உங்கள் முகமே மாறிப்போனது.

“இந்த நாத்தம் எனக்குத் தெரியும்” என்றீர்கள். “எங்கம்மா காலுல பொழுதன்னிக்கும் இதுதான். கழட்டினா வெரலெல்லாம் ஊறி வெள்ளையா கெடக்கும். பூட்ஸ் போட்டவன் கூலி. இது எவன் தோட்டமும் இல்ல, என் மண்ணு. இங்க நான் தவுக்கே லா, மொதலாளி. தவுக்கே அவன் மண்ணுல வெறுங்காலோட நடப்பான்.”

“முதலாளிக்குக் காலு அழுகாதா?” என்றார் அம்மா.

உங்கள் பூட்ஸ் பிளாஸ்டிக் பையோடு ஐஸ்பெட்டி மேல் ஏறியது. நான் என்னுடையதைப் போட்டுக்கொண்டேன். நீங்கள் என்னைக் கூலி என்று நினைத்தீர்களா அப்பா? அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தவிட்டு மூட்டைக்கு எலி வந்தது உங்களுக்குத் தெரியும். கொட்டகைக்குப் பின்னால் கால்வாய் அடைத்துக்கொண்டதும் தெரியும். அதற்குள் முழங்கால் அளவு இறங்கிக் கையால் வாரிப் போட்டீர்கள். கரை ஏறும்போது கம்பி குத்திவிட்டது. “ஒன்னும் இல்ல லா, கம்பி குத்திருச்சு” என்று எச்சில் தொட்டு வைத்தீர்கள்.

பிறகு காய்ச்சல். கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்றீர்கள். கண் சிவந்தது. அம்மா கத்திக் கத்தி உங்களைக் கிளினிக்குக் கிளப்பினார். அங்கே போக இஸ்திரி போட்ட சட்டை. பையில் பேனா. நான் கூட வந்தேன்.

“கெர்ஜா ஆப்பா, என்சிக்?” என்ன வேலை செய்கிறீர்கள் ஐயா என்று டாக்டர் மலாயில் கேட்டார்.

“பிஸ்னஸ், டாக்டர்.”

ஆடு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீங்கள் மேசைக்குக் கீழே என் கையை அமுக்கினீர்கள். நான் வாயைத் திறப்பதே எப்போதாவதுதான். அன்று திறந்தேன். அதை நீங்களே மூடினீர்கள்.

வெளியே வந்ததும், “ஆடு மேய்க்கிறவன்னு சொன்னா மதிப்பானா அவன்?” என்றீர்கள். டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். பிஸ்னஸ் செய்கிறவருக்கு வருகிற காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். ஆடு வளர்க்கிறவருக்கு வந்த காய்ச்சலை நீங்கள் அவரிடம் காட்டவே இல்லை.

காய்ச்சல் இறங்காமல் ஈப்போ ஆஸ்பத்திரியில் உங்களைப் படுக்க வைத்ததும், ஒரு பெண் டாக்டர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “இவர் தண்ணியில வெறுங்காலோட நடப்பாரா?” அதற்குள் உங்கள் சிறுநீரகம் நின்றுவிட்டது. எலி மூத்திரத்தில் வருகிற காய்ச்சல். காயத்தின் வழியாக ஏறுமாம். மலாயில் கென்சிங் திக்குஸ் என்பார்கள், எலி மூத்திரம் என்றேதான் அர்த்தம். இதைவிட அசிங்கமான பெயர் ஒரு நோய்க்கு இருக்க முடியாது.

அதனால்தான் யாரும் அதைச் சொல்லவில்லை. சாவு வீட்டில் கேட்டவர்களிடம் அம்மா “காய்ச்சல்” என்றார். சித்தப்பா “ஹார்ட்டு” என்றார். ஹார்ட்டு கௌரவமாக இருந்தது, அதுவே நிலைத்துவிட்டது. நான் அம்மாவிடம் கேட்டேன். “எலின்னா என்னா நெனப்பாங்க? வீட்ட நாறப் போட்டு வச்சிருந்தா பொண்டாட்டின்னுதான” என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இந்த ஒரு வருஷத்தில் நடந்ததையும் சொல்கிறேன். கிராணியம்மா இந்த வயதில் இரட்டைக் குட்டி போட்டது. ஒன்றுக்குப் பால் கொடுக்க மாட்டேன் என்று உதைத்தது. அதை நான் புட்டிப் பாலில் வளர்த்தேன். இப்போது அது என்னைத்தான் முட்டுகிறது. ஒரு கோழி அம்மாவின் துணிக்கூடையில் அடைகாக்கிறது. அம்மா தினமும் திட்டுகிறார், ஆனால் குஞ்சு பொரிக்கட்டும் என்று அந்தத் துணியை எடுப்பதில்லை. அண்ணன் கமுந்திங் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான். தண்ணீர்க் குழாயெல்லாம் மாற்றினான். நல்லாத்தான் செய்கிறான். நீங்கள் போட்ட பழைய சட்டையைப் போடுகிறான். உங்கள் விசில். உங்கள் வெறுங்கால்.

இன்று மத்தியானம் இலை போட்டுப் படைத்தோம். உங்கள் இஸ்திரிச் சட்டை, பேனா, கறிக்குழம்பு, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர். நம் ஆட்டை வெட்ட அம்மா விடவில்லை, கறி வெளியிலிருந்து வந்தது. சித்தப்பா எழுந்து நின்றார்.

“எங்கண்ணன் இந்த மண்ண செருப்புக் காலால மிதிச்சதே இல்ல. சாமி மாதிரி மதிச்சாரு. இப்பப் பாருங்க, மவனும் அப்படியே! ரத்தம் லா, ரத்தம்!”

எல்லாரும் அண்ணனின் காலைப் பார்த்தார்கள். அவன் வெட்கத்தோடு சிரித்தான். அத்தை குனிந்து, “என்னடா அது காயம்?” என்றார்.

“ஒன்னும் இல்ல அத்த, கம்பி குத்திருச்சு.”

அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை.

நான் உள்ளே போனேன். ஐஸ்பெட்டி மேலிருந்து பூட்ஸை எடுத்தேன். பிளாஸ்டிக் பையில் தூசி. அதைக் கொண்டுவந்து உங்கள் சட்டைக்குப் பக்கத்தில், இலைக்கு முன்னால் வைத்தேன்.

“ஐயையோ, படையல்ல சப்பாத்த வைக்கிறா பாரு!” என்று அத்தை அலறினார். “என்னா புடிச்சிருச்சு இவளுக்கு?”

என் காது இரண்டும் கொதித்தன. வகுப்பில் எழுந்து நின்றால் வருமே, அதே நடுக்கம். “அப்பாவுக்கு ஹார்ட்டு இல்ல” என்றேன். “எலி மூத்திரம். காலுக் காயத்துல ஏறிச்சு. பூட்ஸ் போட்டிருந்தா இருந்திருப்பாரு.”

சித்தப்பா, “ஊமைக்கோட்டான் இன்னைக்குத்தான் வாயத் தொறந்துச்சு. தொறந்ததும் ஒரே நாத்தம்” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன், “அப்பா மானத்த வாங்கிட்ட” என்று பல்லைக் கடித்தான். அத்தை பூட்ஸை எடுக்கக் கையை நீட்டினார்.

“இருக்கட்டும்” என்றார் அம்மா.

அவ்வளவுதான் சொன்னார். சூடத்தை ஏற்றினார். உங்கள் படத்துக்குக் காட்டினார். தட்டு சட்டைக்கு மேல் சுற்றி, பூட்ஸுக்கு மேலும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இத்தனை நாள் அம்மா யாருக்காக அதை மறைத்தார்? உங்களுக்காகவா, தனக்காகவா? இன்னும் கேட்கவில்லை.

எனக்கு உங்கள் மேல் எவ்வளவு கோபம் தெரியுமா? தொரையை மிதிக்க வேண்டும் என்று நினைத்தீர்கள். தொரை கொட்டகையில் கொழுத்துப்போய் நிற்கிறது. நீங்கள்தான் இல்லை. உங்கள் அம்மா அந்த மாதிரி பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடந்ததால்தானே வயதாகிச் செத்தார்? அதில் என்ன கேவலம் கண்டீர்கள்? நாங்கள் உங்களை எந்தச் சட்டையிலும் மதித்திருப்போமே.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். நாளைக் காலை கிளினிக் திறந்ததும் அண்ணனை அங்கே கொண்டுபோவேன், இழுத்துக்கொண்டாவது. என்ன வேலை என்று டாக்டர் கேட்டால் அவனுக்கு முன்னால் நான் சொல்வேன்: ஆடு, டாக்டர், நாங்க ஆடு வளக்கிறோம். யார் என் கையை அமுக்கினாலும் சொல்வேன். அண்ணனை உங்களிடம் அனுப்ப மாட்டேன்.

ஆட்களெல்லாம் போன பிறகு, சாயங்காலம் அவன் மறுபடியும் புல்கட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினான். வேண்டுமென்றே வெறுங்காலோடு. படையலில் இருந்த பூட்ஸை எடுத்துக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். அதைக் கதவுக்கு வெளியே வைத்தேன். உள்ளே போய்ப் பூட்டைப் போட்டேன்.

“தொற பாப்பா.”

“போட்டுக்கிட்டு வா.”

“ஆடு பசியில கத்துது, கேக்கலையா உனக்கு?”

“புல்லக் குடு. நான் போடுறேன்.”

“எத்தன நாளைக்கிடி?”

“நீ போடற வரைக்கும்.”

அவன் புல்கட்டைக் கதவுக்கு மேலே தூக்கி உள்ளே எறிந்தான். நான் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, கட்டை அவிழ்த்து, தொரைக்கு முதலில் வைத்தேன்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் மகள்
பாப்பா