மூன்று தடவை வந்த போன்

சதுரங்கப்பட்டினம்,
ஜூன் 28, ஞாயிறு.

அன்புள்ள தங்கச்சி அம்சாவுக்கு, ரெபேக்காள் எழுதுவது.

நீயும் கீர்த்தனாவும் ஓசூரில் உன் அண்ணன் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ "அக்கா" என்று கூப்பிட்டதும் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன். இரண்டு மாதமாக அதைத்தான் செய்கிறேன். உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நீ என்னை அக்கா என்று கூப்பிடுவாயோ மாட்டாயோ, தெரியாது.

முதலில் வீட்டு விஷயம். கீர்த்தனாவின் மார்க் ஷீட்டை ஸ்கூலில் வாங்கிவிட்டேன். தனியாக ரிஜிஸ்டர் தபாலில் வரும். போன வாரம் உன் வீட்டைத் திறந்து கூட்டினேன். தொட்டியில் பாசி பிடித்திருந்தது, தேய்த்துக் கழுவினேன். பக்கத்து வீட்டு பக்தவத்சலம் மறுபடியும் உன் சுவரை ஒட்டிச் செங்கல் அடுக்கியிருக்கிறார். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. இந்தக் கடிதமும் அந்த வாயைப் பற்றித்தான்.

என் வீட்டுக்காரர் ரொம்ப இளைத்துப்போனார். உன் வீட்டுக்காரரும் அவரும் சேர்ந்து ஓடிய விடியற்காலை ஓட்டத்தை விட்டுவிட்டார், ஷூ பரணில் கிடக்கிறது. உன் வீட்டுக்காரர் ஓட்டிய ஸ்டாஃப் பஸ்ஸில் ஏற மனசு வரவில்லை என்று கல்பாக்கத்துக்குச் சைக்கிளில் போகிறார். காரியத்தன்று நீ அவர் சட்டையைப் பிடித்து, "என் தாலிய அறுத்தது நீதான்யா" என்று கத்தினாயே, அப்போது அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அந்த நிமிஷமே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பிறகு நீ என் தோளில்தான் சாய்ந்து அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். சீ, என்ன ஜென்மம் நான்!

அவர் செய்தது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த மாமல்லபுரம் மாரத்தான் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தவர் அவர். கால் பிசகி ஓட முடியாமல் போனதும், மார்பில் குத்திக்கொள்கிற தன்னுடைய நம்பர் அட்டையை உன் வீட்டுக்காரரிடம், பார்த்திபன் தம்பியிடம், கொடுத்துவிட்டார். ஒருவர் அட்டையை இன்னொருவர் போடக் கூடாதாம். ஆனால் வீணாகப் போகிறதே என்று ஓடுகிறவர்களுக்குள் எல்லோரும் மாற்றிக்கொள்வார்களாம். நாம் திட்டுவோம் என்று, அட்டை மாற்றியதை நம் இரண்டு பேரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். அந்த அட்டையின் பின்பக்கத்தில் ஸ்டான்லி என்று என் வீட்டுக்காரர் பேர் இருந்தது. ஆபத்துக்குக் கூப்பிட என் போன் நம்பர் இருந்தது.

அன்றைக்கு நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஜனவரியில் வைக்க வேண்டியதை மழை என்று ஏப்ரல் கடைசிக்குத் தள்ளினார்கள். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியவர்களைச் சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று ஆறரை வரைக்கும் நிறுத்திவைத்தார்கள். இருபத்தோரு கிலோமீட்டர். மாமல்லபுரத்திலிருந்து நெம்மேலிப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் ரோடு அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. முடிய இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது தம்பி விழுந்துவிட்டார். நீ மோர் பாட்டிலை வைத்துக்கொண்டு, முடிகிற இடத்தில் ஒரு பொட்டு நிழல் இல்லாமல் நின்றாய். மேசையில் போய்க் கேட்டால் பார்த்திபன் என்று யாரும் ஓடவே இல்லை என்றார்கள். பதினொன்றரைக்கு எனக்குப் போன் போட்டு, "இன்னாக்கா இது, எங்கூட்டுக்காரு பேரே லிஸ்ட்ல இல்லன்றாங்க, அண்ணன எழுப்புக்கா" என்று அழுதாய். அவரை எழுப்பியபோதுதான் எனக்கே அட்டை விஷயம் தெரியும். ஸ்டான்லி என்ற பேரில் கேட்கச் சொன்னோம். நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. நீ நின்ற இடத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம்கூட ஆகாது.

அட்டையில் இருந்த நம்பருக்கு எவ்வளவோ முயற்சி செய்தோம், பிரயோசனம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்னார்கள். நீ எனக்கே ஆறுதல் சொன்னாய். "வுடுக்கா, டவர் இல்லாம பூட்ருக்கும்" என்றாய்.

டவர் இருந்தது அம்சா. மூன்று தடவை போன் வந்தது. மூன்று தடவையும் எடுத்தேன்.

ஒன்பதரை இருக்கும். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து என்று ஒரு பெண் பேசினாள். ஸ்டான்லி சம்சாரமா, உங்கள் வீட்டுக்காரர் ஓடும்போது மயங்கி விழுந்துவிட்டார், உடனே வாருங்கள் என்றாள். அவரோ நைட் ஷிப்ட் முடித்து வந்து, காலில் கட்டோடு, ஃபேனுக்கு அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முந்தின வாரம்தான் நம் தெரு பிரபாவுக்கு, உன் மகனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று எவனோ போன் செய்து ஏமாற்றியிருந்தான். இதுவும் அந்தக் கூட்டம்தான் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வைத்தேன். இரண்டாவது தடவை வந்ததும் எனக்கு வெறி வந்துவிட்டது. "இன்னாம்மா, காலங்காத்தால உனக்கு வேற ஆளே கெடைக்கலியா? எம் புருசன் எதிர்ல தூங்கிகினு கீறாரு. இன்னொரு வாட்டி போன் பண்ணே, போலீசாண்ட போய்டுவேன்" என்று கத்தினேன். என்ன கெட்டிக்காரத்தனம் பார்! ஆறு எட்டு நடந்து அவரை எழுப்பிக் கேட்டிருந்தால் போதும். தூங்குகிற மனுஷனை எழுப்புவானேன் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது தடவை அந்தப் பெண் வரச் சொல்லவில்லை. அம்மா, கட் பண்ணாதீங்க, அவர் ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார், எங்களுக்குப் புரியவில்லை என்றாள். "வெயில்ல நிக்கிறா, உள்ள கூப்புடுங்க, வெயில்ல நிக்கிறா" என்கிறாராம். நான் ஃபேன் காத்துலதான் நிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த நம்பர் மறுபடி வராதபடி தடுத்தும் வைத்தேன். வந்த போன் கணக்கையெல்லாம் அன்று சாயங்காலம் அழித்தேன். இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்த வார்த்தை உனக்கு வந்தது அம்சா. அதை நான் இத்தனை நாள் அமுக்கி வைத்துக்கொண்டேன். "கடைசியில என்ன தேடினாராக்கா, யாரும் இல்லாமயே பூட்டாரா" என்று எத்தனை தடவை என்னிடம் கேட்டிருப்பாய். எனக்கு என்னம்மா தெரியும் என்று ஒவ்வொரு தடவையும் வாய் கூசாமல் சொன்னேன். தேடினார். தன் உடம்பு கொதிக்கும்போதும் நீ வெயிலில் நிற்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நான் முதல் போனிலேயே கேட்டிருந்தால் உனக்கு அவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கும். பிழைத்திருப்பாரோ என்னவோ, அது கர்த்தருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு மணி நேரம் மட்டும் என்னால் போனது.

என் வீட்டுக்காரருக்கும் இன்னும் தெரியாது. கோயிலுக்குப் போயிருக்கிறார். இதைத் தபாலில் போட்டுவிட்டு, வந்ததும் சொல்வேன். முதலில் அவரிடம் சொன்னால், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிடுவார். பழியெல்லாம் நானே சுமக்கிறேன் என்பார். அட்டை கொடுத்த பாவம் அவருக்கு உண்டு. உன்னைச் சேரவிடாமல் தடுத்தவள் நான். உன் வாய்க்கு வந்ததையெல்லாம் என்னைச் சொல். சாபம் விட்டாலும் கேட்டுக்கொள்கிறேன். அவரை மட்டும் ஒரு தடவை அண்ணா என்று கூப்பிடு. மன்னித்துவிடு என்று எனக்காக எழுதி, இரண்டு தடவை அடித்துவிட்டேன். கேட்க எனக்கு முகம் இல்லை.

பூப்பண்ணை வேனுக்காக மத்தியானத்தில் ரோட்டோரம் நிற்கிறேன், அங்கே ஒரு மரம்கூட இல்லை என்று போன வாரம் சொன்னாய். பீரோவில் இருந்த உன் நீலக் குடையை மார்க் ஷீட்டோடு அனுப்பலாமா என்று கேட்டதற்குத் தபால்காரர் சிரித்தார். அதனால் பார்சலில் போட்டிருக்கிறேன். அது வரும்வரைக்கும் எதிரில் ஏதாவது கடை இருந்தால் உள்ளே போய் நில். கடைக்காரன் என்ன நினைப்பானோ என்று பார்க்காதே. வெயிலில் நிற்காதே, அம்மா.

இப்படிக்கு,
ரெபேக்காள்.