சுவருக்குள் கிடைத்த சீப்பு

இன்று காலை உன் சீப்பு கிடைத்தது, நாத்தனாரே. அந்தப் பச்சைச் சீப்புதான், ஓரத்தில் இரண்டு பல் உடைந்தது. நீ போனதிலிருந்து அதைத் தேடிக்கொண்டிருந்தேன். உன் தகரப் பெட்டி, தலையணை உறை, ஆஸ்பத்திரிப் பை என்று கை விடாத இடமில்லை. கடைசியில் அது மேற்குச் சுவரில், பிளாஸ்டிக் பலகையின் மடிப்புக்குள் இருந்தது. கையில் எடுத்ததும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது எப்படி அங்கே போனது என்று இப்போது எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு மூன்று மாதம் இருந்தது. சொல்லவில்லை.

போன வருஷ மழையில் உன் அறையின் மேற்குச் சுவர் இற்றுப்போனது உனக்கு நினைவிருக்கும். உன் அப்பா கட்டிய மர வீடு. பலகைக்குப் பலகை விரல் நுழையும் சந்து. கட்டில் வரை சாரல் அடித்தது. நீ இருமிக்கொண்டே கிடந்தாய். மழை விட்ட பிறகுதான் அது வெறும் இருமல் இல்லை என்று தெரிந்தது. டாக்டர் முதலில் சொன்னது, ஈரம் ஆகாது என்பதுதான். ஆள் வைத்துச் செய்யலாம் என்றால் தின்கன்ஜூனில் எங்கள் தெருவில் ஏணி ஏறும் வயதுள்ள ஆண்பிள்ளைகள் யார் மிச்சம்? பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து என் மகனே தாய்லாந்து போய்விட்டான். உன் அண்ணன் உயிரோடு இருந்தாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு யோசனைதான் சொல்லியிருப்பார்.

"நாமளே அடிச்சிடலாம் அண்ணி," என்றாய். போனில் யாரோ ஒருவன் வீடு முழுக்கப் பிளாஸ்டிக் பலகை போர்த்தும் வீடியோவைக் காட்டினாய். எனக்குச் சிரிப்பு வந்தது. மருந்தில் முடி கொட்டி, முக்காடு போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்த நீ, முழங்கால் வலிக்காரியான நான். இரண்டு பேரும் தச்சு வேலைக்குக் கிளம்பினோம்.

பன்னிரண்டடிப் பலகைகளைச் சைக்காவில், அந்த மூன்று சக்கர சைக்கிள் வண்டியில், கட்டிக்கொண்டு வந்தோமே, அதை மறந்திருக்க மாட்டாய். வண்டிக்காரர் பக்கத்தில் நீ ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாய். நான் பின்னால் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தெருவே பார்த்தது. மார்கழிக் குளிரில் வேலையைத் தொடங்கினோம். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தாய். வீட்டின் ஒரு மூலை மண்ணில் இறங்கியிருந்ததால் முதல் வரிசையே சரிந்த மாதிரி தெரிந்தது. கோணலாக இருக்கிறது என்றேன். "வீடுதான் கோணல், நாம நேராத்தான் இருக்கோம்," என்றாய்.

கீழிருந்து மேலாகப் பன்னிரண்டு வரிசை. ஒன்றின் விளிம்பை இன்னொன்றின் மடிப்பில் மாட்டி, மேல் ஓரத்திலுள்ள நீளத் துளையில் ஆணி அடிக்க வேண்டும். நீ ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்தாய். கைக்கு எட்டாத வரிசைகளுக்கு அந்த முனையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். நான் அடித்த முதல் ஆணியிலேயே உனக்குக் கோபம் வந்தது. ஆணித்தலை பலகையில் பதியும்படி அடித்திருந்தேன். நான் மூடிய ஊறுகாய் பாட்டிலைத் திறக்க உன் அண்ணன் அடுத்த வீட்டுக்குப் போவார். என் கை அப்படி.

"இறுக்காதீங்க அண்ணி. வெயில்ல இது நீளும். அசைய இடம் வேணும்." ரவிக்கைக்கு நீ எப்போதும் பிரித்துவிடத் தோதாகத் துணி விட்டுத் தைப்பாய். இதையும் அந்தக் கணக்கில்தான் பார்த்தாய். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து அந்தச் சீப்பை எடுத்து நீட்டினாய். "தலைக்கு வேலையில்லாமப் போச்சு, சுவத்துக்காவது ஆகட்டும். இதை ஆணிக்கு அடியில வச்சு அடிங்க. உருவினா சீப்பு வரணும்." நீ சிரித்தாய். நான் ஆணி தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். ஒவ்வோர் ஆணிக்கும் சீப்பை வைத்தேன், அடித்தேன், உருவினேன். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் நீ பலகையை இடமும் வலமும் தள்ளிப் பார்த்தாய். நகர்ந்தால்தான் அடுத்தது.

முடித்த அன்று வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தோம். முப்பது வருஷம் ஒரே அடுப்பில் சண்டை போட்ட நாம் இரண்டு பேரும் சேர்ந்து உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

ஆனால் காற்று வந்தால் சுவர் டக் டக்கென்றது. உனக்கு அது பிடித்திருந்தது. எனக்குப் பல் கூசியது. தை மாதம் உன்னைப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். நீ திரும்பி வரும்போது அறை சத்தமில்லாமல் இருக்க வேண்டும், நீ நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று நினைத்தேன். குடைக் கம்பியை வளைத்து நீ செய்த கொக்கியால் ஒவ்வொரு பலகையாகப் பிரித்தேன். எல்லா ஆணிகளையும் இறுக்கினேன். பன்னிரண்டு வரிசையும். உன் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். உண்மையில் அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. அதில் எல்லாம் கழன்றுகொண்டிருக்கிற மாதிரி எனக்குக் கேட்டது. டாக்டரிடம் ஒன்றும் செய்ய முடியவில்லை, உன் உடம்பை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆணியை இறுக்க முடிந்தது.

நீ வந்தாய். சுவரைப் பார்த்தாய். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய். பங்குனி வெயிலில் ஒரு மதியம் டப்பென்று வெடிச்சத்தம் கேட்டது. வெளியே ஓடிப் பார்த்தேன், பலகைகள் அலை அலையாகப் புடைத்து நின்றன. உள்ளே வந்து, "மட்டச் சரக்கு, கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றேன்.

"பாவம், அவன் என்ன பண்ணுவான்," என்றாய் நீ. அதோடு சரி.

சில நாள் கழித்துக் கீழ் வரிசைகள் மட்டும் மறுபடி நேராக இருப்பதைப் பார்த்தேன். வாழை நிழல் கீழே படுவதால் தணிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். கடைசி வாரம் நீ, "சத்தம் கேக்குதா அண்ணி?" என்று கேட்டாய். மருந்து மயக்கம் என்று நினைத்தேன். "எலியா இருக்கும், பொறி வைக்கிறேன்," என்றேன். நீ சிரித்தாய். சித்திரையில், தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், போய்விட்டாய்.

இப்போது மழை. புடைத்த பலகைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, உன் கட்டில் இருந்த இடம் நனைகிறது. இன்று கொக்கியை எடுத்தேன். சேற்றில் ஏணி நிற்காததால் கீழிருந்து பிரித்தேன். முதல் வரிசையில் ஆணிகள் இறுக்கமாக இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்று, நான்கு. ஒவ்வோர் ஆணியின் தலைக்கும் பலகைக்கும் நடுவே அதே இடைவெளி. ஐந்தாவது வரிசையைப் பாதி வரை பிரித்தபோது, ஓர் ஆணிக்கு அடியில் உன் சீப்பு செருகியிருந்தது.

நான் மருந்துக்கும் சந்தைக்கும் போன காலைகளில் நீ ஸ்டூலை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். ஒரு டம்ளரைத் தூக்கவே நடுங்கிய கையால் ஒவ்வோர் ஆணியாக நெம்பியிருக்கிறாய். கேட் சத்தம் கேட்டதும் பலகையை அப்படியே மூடிவிட்டு உள்ளே போய்ப் படுத்திருக்கிறாய். அதற்கு மறுநாள் உன்னால் எழுந்திருக்க முடியாமல் போயிருக்க வேண்டும். கோபத்தில் செய்தாயா, என் மானத்தைக் காப்பாற்றச் செய்தாயா? கேட்டால் சொல்லியிருப்பாயோ என்னவோ. இனி யாரிடம் கேட்பேன்?

நீ விட்ட இடத்துக்கு அடுத்த ஆணியை நெம்பிப் பார்த்தேன். என் கை அடித்த ஆணி அல்லவா, பலகைதான் கிழிந்தது. மேலே இன்னும் ஏழு வரிசை. மறுமுனையைப் பிடிக்க யாரும் இல்லை. சீப்பை முந்தானையில் முடிந்துகொண்டு கொக்கியைக் கீழே வைத்தேன்.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. மேல் சுவர் அசையவில்லை. கீழே நான்கரை வரிசை மட்டும் டக் டக்கென்றது. சத்தம் கேட்கிறது என்று உன் அறை ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்.