பூச்சிமருந்து கலந்த வேப்பும் வெஸ்ட்மீட்டில் சொன்ன பொய்யும்

கிரவீன், சிட்னி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் எறிக்,

மாதாவின் துணையால் நானும் அம்மாவும் தங்கச்சி டில்ஷாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் சுகம்தானே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ சுகமில்லை என்பது எனக்குத் தெரியும், அதை டொக்டருக்கு மறைக்கிறாய் என்பதும் தெரியும், அந்தக் கோபத்தில்தான் இந்தக் கடிதம். போன் அடித்தால் எடுக்கிறாய் இல்லை, மெசேஜ் போட்டால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய், ஆகவே எழுதி எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். இதை நீ பாதியில் கட் பண்ண முடியாது.

போன கிழமை நீ போனில் சொன்னதை நான் ஒழுங்காகக் கேட்கவில்லை என்று அம்மா குறை சொல்கிறாள். கேட்டேன், முழுவதும் கேட்டேன். வேலையில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பில் பிடித்த நாரி நோவுக்கு ஒன்லைன் கிளினிக் ஒன்றில் டொக்டரோடு வீடியோவில் பேசி, அவர் எழுதிக் கொடுத்த, சூடாக்கி ஆவியாக இழுக்கிற கஞ்சா வேப்பை ஒரு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தாய், இப்போது அதற்குள் பூச்சிமருந்து இருக்கிறதென்று கம்பனி அதைத் திருப்பி எடுக்கிறது. இவ்வளவையும் ஆங்கிலத்தில் மளமளவென்று சொல்லி முடித்து "தட்ஸ் ஓல், அப்பா" என்றாய். நான் கத்தினேன், நீ போனை வைத்தாய். கஞ்சா என்ற சொல்லுக்குத்தான் கத்தினேன் என்று நினைத்திருப்பாய். அதற்கும்தான், மறைக்க மாட்டேன், கஞ்சா என்றால் எங்கள் காதில் பொலிஸ் என்றுதான் விழும். ஆனால் ஆறி யோசித்துப் பார்த்தேன். டொக்டர் எழுதி, பார்மசியில் உன் பெயர் ஒட்டிக் கொடுத்த மருந்து அது, அதை வாங்கியதில் உன்மேல் ஒரு பிழையும் இல்லை. எவனோ ஒருவன் மருந்து அடித்த செடியைப் பிழிந்து குழாயில் அடைத்து நோயாளிக்கு விற்றிருக்கிறான். அவனைத் திட்ட நம்பர் இல்லாததால் உன்னைத் திட்டினேன், என் குணம் உனக்குத் தெரியாததா.

என் வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. ஈஸ்டருக்கு மெல்பேர்னிலிருந்து வந்து நின்றபோது உனக்கு மூச்சு எடுக்க முடியாமல் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோமே, நான் கார் விட இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்த நேரம் உள்ளே நடந்ததை அம்மா இப்போதுதான் வாய் திறந்து சொல்கிறாள். நேர்ஸ் டியூட்டியில் நின்றது எங்கள் பின் தெருவில் இருக்கும் சிவகௌரி அன்ரி. "தம்பி புகைக்கிறனீரோ, வேப் ஏதும் பாவிக்கிறனீரோ" என்று கேட்டிருக்கிறா. நீ வாயைத் திறக்க முதல் அம்மா முந்திக்கொண்டு, "என்ன சிவகௌரி, எங்கட பிள்ளை அந்தப் பக்கமே போகாது" என்றாளாம், நீயும் தலையாட்டினாயாம். அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்கார நேர்ஸ் நின்றிருந்தால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய், அம்மாவும் பேசாமல் இருந்திருப்பாள். தமிழ் முகத்தைக் கண்டவுடன் உடம்பு வருத்தம் பின்னுக்குப் போய் மானம் முன்னுக்கு வந்துவிட்டது. நெஞ்சு இழுக்க இழுக்கக் கட்டிலில் இருந்துகொண்டு பொய் சொல்ல எங்கள் சனத்தால்தான் முடியும். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அம்மாவைக் கேட்டால், டில்ஷாவுக்குக் கலியாணம் பேசுகிற நேரம் கதை வெளியே போனால் என்ன செய்வது என்கிறாள். குசினிக்குள் நின்ற டில்ஷாவுக்கு அது கேட்டுவிட்டது. அண்ணாவின் வருத்தத்துக்காக வேண்டாம் என்கிற மாப்பிள்ளை தனக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அந்தப் பொய்யால் வந்த வினையைப் பார். அவர்கள் ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று எழுதினார்கள், வேப் பாவிப்பதில்லை என்றும் எழுதினார்கள், அதே பேப்பர் மெல்பேர்னுக்கும் வந்து அங்கேயும் உனக்கு வாயில் அடிக்கிற பஃபர்தான் தருகிறார்கள். அதை அடித்தும் படி ஏறினால் இழுக்கிறது என்று டில்ஷாவிடம் நீயே சொல்லியிருக்கிறாய். தோட்டத்துக்கு அடிக்கிற சில மருந்துகள் சூடாகும்போது வேறு நஞ்சாக மாறுமாம், டில்ஷா தேடி வாசித்துச் சொன்னாள், மரக்கறி என்றால் கழுவலாம், இதை நீ சூடாக்கி நேரே சுவாசப்பைக்குள் எடுத்திருக்கிறாய். உன் வருத்தத்துக்கு அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது, டில்ஷாவுக்கும் தெரியாது, சோதிக்க வேண்டியவர் டொக்டர். எதைத் தேட வேண்டும் என்று தெரியாமல் அவர் எதைக் கண்டுபிடிப்பார்? வியாழக்கிழமை சுவாசப்பை ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கப் போகிறாய், அவரிடமும் பழைய கதையையே சொல்லப் போவதாக டில்ஷாவுக்கு எழுதியிருக்கிறாய். அவள் அதை எனக்குக் காட்டிவிட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. கிளினிக்குக்குப் போன் அடித்தேன், பார்மசியைக் கேட்கச் சொன்னார்கள். பார்மசி கம்பனியைக் காட்டியது, கம்பனியில் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டுக் கடைசியில் நோயாளியோடு மட்டும்தான் கதைப்போம் என்றார்கள். நான் தகப்பன் என்றேன், சொறி சேர் என்றார்கள். பிறகு செவன் ஹில்ஸில் எங்கள் வேலையிடத்துக்குப் பக்கத்தில் கந்தோர் வைத்திருக்கும் சட்டத்தரணி தர்ஷனாவிடம் போனேன். மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதலாம், வாங்கிய காசைத் திருப்பிக் கேட்கலாம், உடம்புக்குத் தீங்கு வந்தது என்று காட்ட முடிந்தால் நட்டஈடும் கேட்கலாம், உன்னைப்போல் பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து ஒரே வழக்காகவும் போடலாம், எல்லாவற்றுக்கும் காலக்கெடு உண்டு, வெல்லும் என்று யாரும் வாக்குத் தர முடியாது என்று பொறுமையாகச் சொன்னா. பிறகு வெஸ்ட்மீட் கதையைச் சொன்னேன். பேனையை வைத்துவிட்டு, "அங்கிள், வழக்கைப் பிறகு பாப்பம், முதல் அவர் டொக்டரிட்ட உண்மையைச் சொல்லட்டும். பாவிக்கவே இல்லை எண்டு ஆஸ்பத்திரியில எழுதியிருக்கு, எதிராளி வழக்கை உடைக்க அது ஒண்டே காணும்" என்றா. எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

அதனால் நேற்று நேரே சிவகௌரி வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் நின்று மறித்தாள், கேட்கவில்லை. எறிக் வேப் பாவித்தவன், டொக்டர் எழுதிக் கொடுத்த கஞ்சா, அதில் பூச்சிமருந்தாம் என்று கதிரையில் இருக்க முதலே சொல்லிவிட்டேன். அவவுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "நான் நேர்ஸ், அண்ணை. ஆஸ்பத்திரியில கேட்டதைத் தெருவில கதைச்சால் என்ர வேலையே போயிடும், என்னை என்னெண்டு நினைச்சனீங்கள்" என்று பொரிந்து தள்ளிவிட்டா. பிறகு குரல் இறங்கி, "அக்காவை வெளியில அனுப்பிப்போட்டுத் தம்பியைத் தனியக் கேட்டிருக்கோணும். தெரிஞ்ச ஆக்கள், அக்காவைப் போகச் சொல்ல எனக்கும் வாய் வரேல்லை" என்றா. பதிவைத் திருத்தச் சொல்லி நீதான் ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டுமாம், வளர்ந்த பிள்ளைக்காகத் தாய் தகப்பன் கேட்க முடியாதாம். நான் வெளிக்கிடும்போது டில்ஷாவின் கலியாணத்துக்குத் தனக்கும் சொல்லச் சொன்னா. இவவுக்குப் பயந்துதான் இத்தனை மாதம் உன் நெஞ்சைப் பழுதாக்கிக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை நான் மெல்பேர்னுக்கு வருகிறேன், வேலையில் லீவு சொல்லிவிட்டேன். அம்மாவும் வருவதாகப் பெட்டி அடுக்கினாள். பிறகு தானாகவே வந்து, "நான் வந்தால் திரும்பவும் வாயைத் திறந்திடுவன், நீங்கள் போங்கோ" என்று சொல்லி அழுதாள். அவளோடு கோபிக்காதே, நான் அவளைப் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். நானும் டொக்டரின் அறைக்குள் வரமாட்டேன், வெளியே இருப்பேன். உள்ளே நீ தனியாகப் போய் எந்த வேப், எவ்வளவு காலம், யார் எழுதிக் கொடுத்தது, எல்லாவற்றையும் சொல்லு. நாரி நோவுக்கு வேறு மருந்தும் அவரிடமே கேள்.

மிச்சம் கிடக்கும் குழாய்களைக் குப்பையில் போடாதே, யாருக்கும் கொடுக்காதே, குழாயில் அச்சடித்த பட்ச் நம்பர் தெரியப் படம் எடுத்து ஒரு பைக்குள் கட்டி வை, தர்ஷனாவைக் கேட்காமல் திருப்பி அனுப்பவும் வேண்டாம். நோ தாங்க முடியாமல் அதையே எடுத்து இன்னொரு தரம் இழுத்தாய் என்று அறிந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. இரவில் மூச்சு இழுத்தால் விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அம்புலன்ஸைக் கூப்பிடு. ஆண்டவரும் மாதாவும் உன் நெஞ்சுக்குக் காவலாக இருக்க இரவு செபத்தில் உன் பெயரைச் சொல்லித்தான் முடிக்கிறோம். நீ மூச்சு விட்டுக்கொண்டு எங்களுக்கு எவ்வளவு வெட்கம் வேண்டுமானாலும் தேடித் தா மகன், எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டினாலும் உன் பக்கமே நிற்கும் அப்பா,
கிறிஸ்துநாயகம்