சின்னவளின் இடது விலா

ஜூன் 3

நாடி 40. ஈறு இளஞ்சிவப்பு, விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு எண்ணுவதற்குள் நிறம் திரும்புகிறது. லத்தி காலைக்குள் மூன்று முறை. இடது பின்னங்குளம்பில் ஒரு பொடிக்கல், கொக்கியால் எடுத்தேன்.

பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் நாலாம் வாய்ப்பாடு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. இந்த வீட்டில் பட்டம் வாங்கியவர்கள் இரண்டு பேர். குதிரையின் தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடியைப் பிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. பெருமையாகத்தான் எழுதுகிறேன். என் நோட்டு.

ஜூன் 4

சாப்பிடும்போது மகன் சொன்னான். கொட்டகை இருக்கும் இடத்தை இடத்துக்காரர் திருப்பிக் கேட்கிறார். மாதக் கடைசியில் நாங்கள் ஒரு மூன்றாவது மாடிக்குக் குடிபோகிறோம். வயதான குதிரைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பண்ணை ஒன்று அரை நாள் பயணத்தில் இருக்கிறதாம். உடம்பு சரியாக இருக்கிறது, வண்டியில் ஏற்றலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் எங்கள் குதிரை சின்னவளை எடுத்துக்கொள்வார்களாம்.

"நல்லா இல்லைன்னா?" என்று கேட்டேன்.

அவன் தண்ணீர் குடித்தான்.

லிஃப்டில் ஏற்றிக் கூட்டிப் போகலாம் என்றாள் பேத்தி. யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

ஜூன் 6

இருபத்து நாலு வருஷம். இதே கொட்டகை, இதே மூலை. என் வீட்டுக்காரர் வேறு குதிரையை வண்டியில் பூட்டிச் சவாரிக்குப் போயிருந்தார். மகன் பள்ளிக்கூடத்தில். தாய்க்குதிரையும் நானும் மட்டும். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது மூன்று தடவை விழுந்தது. நான் கடிகாரத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தேன். ஐம்பதாவது நிமிஷம் நான்கு கால்களையும் நான்கு திசையில் ஊன்றி நின்றது. அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

அவர் வந்து பார்த்தார். "மகன் உனக்கு, மக எனக்கு. இவ சின்னவ" என்றார். பெயர் அதுவே ஆயிற்று.

வயிறு கேட்கவும் அவர்தான் பழக்கினார். விலா எலும்பு முடியும் பள்ளத்தில் காதை ஒட்ட வைக்க வேண்டும், இரண்டு பக்கமும். சத்தம் இருந்தால் குடல் வேலை செய்கிறது. சத்தமே இல்லையென்றால் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட வேண்டும். "எப்பவும் தலைப்பக்கம் பாத்து நில்லு. அது காதை மடக்குதான்னு உன் கண்ணு பாக்கட்டும், வயித்தை உன் காது பாக்கட்டும்." இன்றுவரை அப்படித்தான் நிற்கிறேன்.

இன்று தானியம் ஒரு கிண்ணத்துக்குப் பதில் இரண்டு வைத்தேன். போகப்போகிறவள்.

ஜூன் 9

இன்று மூன்று கிண்ணம். நக்கித் துடைத்துவிட்டு என் தோளில் மூக்கைத் துடைத்தாள்.

ஜூன் 11

இடது விலாவில் சத்தம் இல்லை.

வலது பக்கம் கடமுட என்று இருந்தது. இடது பக்கம் கல். மூன்று முறை வைத்தேன். டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். அதோடு — எழுதக் கூசுகிறது — மனசின் ஒரு ஓரத்தில், அப்போ போக மாட்டாள் இல்லையா, என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. சீ.

டாக்டர் ஒரு மணி நேரத்தில் வந்தார். சின்ன வயசுப் பெண், கையில் காதில் மாட்டிக் கேட்கிற குழாய். இடது பக்கம் ரொம்ப நேரம் கேட்டார். "நல்லாவே சத்தம் இருக்கே பாட்டி. லத்தியும் போட்டிருக்கு, வாயும் அசைபோடுது." எரிச்சல் காட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் போனதும் மகன் மெதுவாகச் சொன்னான்: "அவ போகக் கூடாதுன்னு உனக்கு இருக்கு, புரியுதும்மா. அதுக்காக இப்படியா?"

அதுக்காக இப்படியா! என்னைப் பார்த்து.

ஜூன் 12

யாரும் இல்லாதபோது போனேன். இடது விலாவில் காதை வைத்தேன். கல். பிறகு, வழக்கத்தை விட்டு, வால்பக்கம் பார்த்துத் திரும்பி நின்று வைத்தேன். குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி களகளவென்று கேட்டது.

தலைப்பக்கம் பார்த்து நின்றால் இடது விலாவில் படுவது என் வலது காது. திரும்பினால் இடது காது.

அவள் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. என் வலது காதுதான் போய்விட்டது. எத்தனை நாளாக?

ஜூன் 15

சொல்லிவிட்டால் பொய்க்காரி இல்லை என்று ஆகும். ஆனால் காது கேட்காதவளை நம்பிக் குதிரையை எப்படி விடுவது என்பார்கள். நாளைக்கே வண்டி வரும். சொல்லாவிட்டால் பொய்க்காரி. எது தேவலை?

மருமகள் வலது பக்கம் நின்று ஏதோ கேட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. அத்தைக்கு இன்னும் கோபம் தீரல என்று மகனிடம் சொன்னாளாம். கோபம் என்றே இருக்கட்டும். கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது.

தானியம் நான்கு கிண்ணம்.

ஜூன் 18

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததுமே தெரிந்தது. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் போட்டு, சுடுகிற தரையில் நிற்பவள் போல நின்றாள். திருப்பப் பார்த்தேன், மாட்டேன் என்றாள். முன்குளம்பு இரண்டும் அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம். குளம்புக்கு மேலே, கணுவின் பின்பக்கம் விரல் வைத்தால் மற்ற நாளில் நாடியைத் தேட வேண்டும். இன்று அதுவே வந்து விரலை இடித்தது.

மகன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சொன்னேன்.

"மறுபடியுமாம்மா?"

வேறு வழி இல்லை. "அன்னைக்கு நான் பொய் சொல்லலடா. எனக்கு வலது காது கேக்கல. போன வாரம்தான் எனக்கே தெரிஞ்சுது. காதை நம்பாதே, போ. என் விரலு இன்னும் சரியா இருக்கு. வந்து நீயே வெச்சுப் பாரு."

அவன் என்னையே பார்த்தான். பிறகு போட்ட காலணியைக் கழற்றாமலே கொட்டகைக்குள் வந்து மண்டியிட்டான். அவன் விரலை எடுத்து அந்த இடத்தில் நான் வைத்தேன். முகம் மாறிவிட்டது.

டாக்டர் வந்து, குளம்புக்குள்ளே வீக்கம் என்றார். முற்றினால் உள்ளே எலும்பே இறங்கிவிடுமாம், அதற்குப் பிறகு எதுவும் செய்வதற்கில்லையாம். தானியம் மிஞ்சினால் இப்படி வருமாம், தீனியில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மகன் சொன்னான்: "அதுல அம்மா ரொம்பக் கண்டிப்பு டாக்டர். ஒரு கை கூட மாறாது."

பெருமையாகச் சொன்னான். இத்தனை நடந்த பிறகும். அதை அப்படியே விட்டுவிட்டிருக்கலாம். விட முடியவில்லை.

"நான்தான் கூட்டி வெச்சேன். பன்னண்டு நாளா. நாலு கிண்ணம் வரைக்கும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இப்பவாவது சொன்னீங்களே. இல்லைன்னா சாயங்காலமும் வெச்சிருப்பீங்க."

ஆமாம். வைத்திருப்பேன்.

ஜூன் 21

ஐஸ் தண்ணீர் வாளியில் முன்னங்கால்கள். வலிக்கு மருந்து. தரையில் முழங்கால் உயரத்துக்கு மரத்தூள். தானியம் கிடையாது, காய்ந்த புல்லை ஊறவைத்துப் பிழிந்து தருகிறோம். மருமகள் ஐஸ் தட்டுகிறாள், குதிரை என்றால் பத்தடி தள்ளி நிற்பவள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன், கோபமே இல்லை, காதுதான் கேட்கவில்லை என்று. "கோவமா இருந்தப்பதான், அத்தை, வீடு அமைதியா இருந்துச்சு" என்றாள். சரியான வாய்.

மகன் இடத்துக்காரரைப் பார்த்து இரண்டு மாதத் தவணை வாங்கி வந்தான். எனக்குச் சொல்லவில்லை, பேத்தி சொன்னாள்.

ஜூன் 24

கணுநாடி இன்னும் இடிக்கிறது. என்னால்தான்.

ஜூலை 2

மகன் வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். சின்ன வயதில் விடிகாலைச் சவாரிக்கு அவரோடு அடம்பிடித்துக் கிளம்புவான், தெரு முனை தாண்டுவதற்குள் வண்டியிலேயே தூங்கிவிடுவான். அவர் ஒரு கையில் கடிவாளம், ஒரு கையில் இவன் சட்டைக் காலர் என்று ஓட்டுவார். வாய் அதே மாதிரி லேசாகத் திறந்திருந்தது. எழுப்பவில்லை. வாளியை நான் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 9

சின்னவள் தானாகத் திரும்பினாள்! மருமகள் கைதட்டினாள். என் இடது பக்கம் வந்து நின்று தட்டினாள், அதனால் கேட்டது.

ஆகஸ்ட் 21

டாக்டர் நடக்கவிட்டுப் பார்த்தார், கல்தரையில், பிறகு மண்ணில். குளம்பைத் தட்டிப் பார்த்தார். இந்த நோட்டைக் கேட்டார். தினசரி எண்களைக் குறிக்கும் பின்பக்கங்களை மட்டும் மடித்துக் காட்டினேன். ஒரு நாள்கூட விடவில்லையே என்றார். நாடியை விடவில்லை, கண்டிப்பைத்தான் விட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நாடி 36. குளம்பு குளிர்ச்சி. வண்டியில் ஏற்றலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 28

வண்டி வந்தது. பலகையில் முன்னங்காலை வைத்து ஒரு முறை மோந்து பார்த்தாள். ஏறிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நல்லது, பலகையில் திரும்பினால் கால் சறுக்கும்.

பண்ணைக்காரப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். தானியம் வேண்டாம் என்று மூன்று தரம். மூன்றாவது தரம் அவளே என்னோடு சேர்ந்து சொன்னாள்.

செப்டம்பர் 5

மூன்றாவது மாடி. காதுக்கு மெஷின் வைத்தாயிற்று. மேல்வீட்டுக்காரர் நாற்காலி இழுப்பது, குழாய் சொட்டுவது, எல்லாம் கேட்கிறது. வேண்டியது எதுவும் கேட்கவில்லை.

பண்ணைக்காரப் பெண் போன் செய்தாள். சின்னவள் நாலு நாளாகப் பாதிப் புல்லுக்கு மேல் தின்னவில்லையாம். நாடி, ஈறு, லத்தி எல்லாம் சரி, வயிற்றில் இரண்டு பக்கமும் சத்தம், குளம்பில் சூடு இல்லை.

"புல்லைப் போட்டுட்டுப் போயிடுறியாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா பாட்டி. நாப்பது குதிரை இருக்கே."

"இருபத்து நாலு வருஷமா தனியாத் தின்னதில்லம்மா அவ. பக்கத்துல கொஞ்சம் நில்லு. பேசணும்னு இல்ல."

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். அறுந்துபோன தோல் வார் ஒன்றைத் தைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். ஒரு புல் மிச்சமில்லை என்றாள். நாளைக்கும் உட்காருவாயா என்று நான் கேட்கவில்லை. தைக்க இன்னும் ஆறு வார் இருக்கிறது பாட்டி என்று அவளாகவே சொன்னாள்.