அகழித் தூணுக்குத் தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வீக்கம் வற்றியதா? எனக்கு ஒரு குறையுமில்லை.

ஒஸ்லோப் பழைய நகரின் காவல் அகழியைத் தோண்டுகிறோம் என்று சொன்னேனே, அங்கே எழுநூறு வருடத்து மரத்தூண் ஒன்றைக் கண்டெடுத்தேன். எங்கள் மேற்பார்வையாளர் ஹென்ரிக், தானே கண்டதாகத் தொலைக்காட்சிக்குச் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் வாளியோடு நின்றேன்.

சேற்றிலிருந்து வெளிவந்த மரம் காய்ந்தால் வெடித்துவிடும். விடுமுறையிலும் ஒருவர் நின்று தண்ணீர் தெளிக்க வேண்டும். தனி ஆள் என்பதால் எப்போதும் அது என் தலையில்தான்.

பெந்தெகொஸ்தே விடுமுறைக்கும் ஹென்ரிக் கேட்டார்: "வழமைபோல நீர்தானே நிப்பீர்?"

"உங்கடை தூண்தானே, நீங்களே தண்ணி விடுங்கோ" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. குடும்பத்தோடு மலைக்குப் போகவிருந்த பயணமும் நின்றது. மண் தோண்டும் இயந்திரம் ஓட்டும் பிலேந்திரன் அண்ணன், "பிள்ளை, இந்த வாயை இவ்வளவு நாளும் எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனி?" என்று சிரித்தார்.

ஹென்ரிக் தவிப்பதைப் பார்க்கவே ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட்லி வீட்டிலிருந்து ரயிலெடுத்துப் போய் அகழி வேலிக்கு வெளியே நின்றேன். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் சாப்பாட்டோடு அங்கேயே வந்திருந்தார்கள். ஒரே சிரிப்பு. எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அந்தத் தூணைக் கண்டவள் நான் என்று அவர் வாயாலேயே சொல்லும்வரை ஒரு விடுமுறைக்கும் நிற்கமாட்டேன். அந்த நாட்களில் இனி வீட்டில்தான் இருப்பேன், எந்த நேரமும் போன் எடுங்கள். போர்த்திக்கொண்டிருக்க உங்கள் பழைய நூல்சேலை ஒன்று அனுப்பிவையுங்கள். தோய்க்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அடுத்த விடுமுறைக்கு யார் நிற்பதென்று இன்று கேட்பார். அவர் முகத்தைத் தவறவிடக் கூடாது.

உங்கள் மகள்,
சுகிர்தா